தெற்குக் கடலுக்கு மேலே ஒரு குட்டி கேலக்ஸி: அதன் ரேடியோ மூலங்களைப் பட்டியல் போடுவது எப்படி?

டில்லிவாசிகளுக்கு எந்நாளும் கிடைக்காத ஒரு வானத்துண்டு கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் இரவு எட்டரை மணியளவில் மணக்குடியிலோ முட்டத்திலோ கடற்கரையில் நின்று நேர் தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 9 பாகை உயரத்தில் சிறிய மெகல்லன் மேகம் இருக்கும். பிப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பெரிய மெகல்லன் மேகம் 12 பாகை உயரத்துக்கு வரும். அகத்திய விண்மீனைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்குச் சுமார் 17 பாகை கீழே, சற்று வலப்புறம் தேடலாம். டில்லியில் இந்த இரண்டும் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. சென்னையில் எழும், ஆனால் இன்னும் 5 பாகை தாழ்வாக.

இருக்கும் என்றுதான் சொன்னேன், தெரியும் என்று சொல்லவில்லை. கடல் ஆவி, ஊர் விளக்கு, நிலா எல்லாம் சேர்ந்து அந்த மங்கலான வெளிச்சத்தை எளிதில் விழுங்கிவிடும். மின்சாரம் போன, நிலா இல்லாத, மழை கழுவிவிட்ட இரவு வாய்த்தால் முயன்று பாருங்கள்.

இந்த இரண்டும் நம் பால்வெளியைச் சுற்றிவரும் குட்டி கேலக்ஸிகள். பெரியது சுமார் 1,63,000 ஒளியாண்டு தொலைவில், சிறியது சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளன. ரேடியோ வானியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இவற்றுக்கு மறுபடி மறுபடி பட்டியல் போட்டுவருகிறார்கள். எந்தெந்த இடத்தில் ரேடியோ அலை வெளிவருகிறது, எவ்வளவு வருகிறது, அங்கே இருப்பது என்ன என்கிற பட்டியல். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. சிறிய மேகத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது, எங்கே சிக்கல் வருகிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். தக்கலையில் பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன் கேட்டது இது: “ரேடியோ தொலைநோக்கின்னா சத்தம் கேக்குமா மாமா?” கேட்காது மக்ளே. ரேடியோ அலையும் ஒளி வகைதான், அலைநீளம் மட்டும் அதிகம். நாகர்கோவில் எஃப்எம் 101 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது, அதன் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். வானியலாளர்கள் சிறிய மேகத்தை அதிகம் பார்ப்பது 1,300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது 23 சென்டிமீட்டர் அலைநீளத்தில். வந்து சேரும் அலையின் வலிமையை அளந்து, திசைவாரியாகப் பதிந்து, கணினியில் படமாக வரைகிறார்கள். கையில் கிடைப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

அந்தப் படத்தில் இரண்டு வகை வெளிச்சம் தெரியும். ஒன்று, கேலக்ஸி முழுக்கப் பரவிக் கிடக்கும் மெல்லிய புகைச்சல். காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும் அதிவேக எலக்ட்ரான்களும் சூடான வாயுவும் அதற்குக் காரணம். இன்னொன்று, அந்தப் புகைச்சலின் மேல் புள்ளியாகவும் சிறு திட்டாகவும் தனித்துத் தெரிபவை. இவற்றைத்தான் தனித்த ரேடியோ மூலங்கள் என்கிறோம். பட்டியல் இவற்றுக்குத்தான்.

எவையெல்லாம் அப்படித் தெரியும்? வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம், அதாவது சூப்பர்நோவா எச்சம், ஒரு வகை. புதிதாகப் பிறந்த கனத்த விண்மீன்கள் தம்மைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனைச் சூடாக்கி அயனியாக்கி வைத்திருக்கும் மேகங்கள் அடுத்தது. சிறிய மேகத்தில் இந்த வகையில் மிகப் பெரியது என்66. பல்சார்கள் உண்டு, அதாவது வேகமாகச் சுழன்றபடி துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை வீசும் செத்த விண்மீன்கள். சூரியன் போன்ற விண்மீன்கள் சாகும்போது உதறிய வாயுக்கூடுகள் உண்டு, ஆனால் ரேடியோவில் அவை மிக மங்கல். அப்புறம், சிறிய மேகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் அதற்குப் பின்னால் கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளும், நடுக் கருந்துளையின் தயவில் அதிபிரகாசமாக எரியும் கேலக்ஸி மையங்களான குவாசார்களும். இந்தக் கடைசிக் கூட்டத்தை மறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையின் பாதித் தலைவலி அதனால்தான்.

சரி, நம் பால்வெளியிலேயே சூப்பர்நோவா எச்சம் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, பக்கத்துக் குட்டி கேலக்ஸிக்குப் போவானேன்? காரணம் தூரம்தான். பால்வெளிக்குள் நாமே உட்கார்ந்திருப்பதால், ஒரு மூலம் 3,000 ஒளியாண்டில் இருக்கிறதா, 30,000 ஒளியாண்டில் இருக்கிறதா என்று சொல்வது பெரும்பாடு. தூரம் தெரியாமல் உண்மையான பிரகாசமும் தெரியாது, உண்மையான அளவும் தெரியாது. சிறிய மேகத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம். அதிலுள்ள எல்லாமே ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பவை. படத்தில் ஒன்று மற்றொன்றைவிட நான்கு மடங்கு பிரகாசமாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே நான்கு மடங்கு பிரகாசமானது. (சிறிய மேகம் நம் பார்வைத் திசையில் கொஞ்சம் நீண்டு கிடக்கிறது. அதனால் ‘ஒரே தூரம்’ என்பதில் பத்து, இருபது சதவீதம் முன்பின் இருக்கும். பால்வெளியின் நிலைமையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.) போதாததற்கு, ஹைட்ரஜன், ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் சிறிய மேகத்தில் சூரியனில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான். தொடக்கக்காலப் பிரபஞ்சத்தின் கேலக்ஸிகளும் இப்படிக் கனத் தனிமங்கள் குறைந்தவையே. அவற்றில் விண்மீன்கள் எப்படிப் பிறந்து செத்தன என்று அறிய, பக்கத்திலேயே கிடைத்த மாதிரி இது.

இதைப் பார்க்கும் கருவிகள் நம் நாட்டில் இல்லை. கருவி இல்லாமல் இல்லை, இந்தத் திசைதான் வாய்க்கவில்லை. புனேக்குப் பக்கத்தில் கோடத்தில் 45 மீட்டர் டிஷ்கள் 30 கொண்ட ஜிஎம்ஆர்டி உலகத்தரமானது, ஆனால் அங்கிருந்து சிறிய மேகம் அடிவானத்துக்கு மேலேயே வராது. நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-இல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான சரிவுள்ள மலைப்பக்கமாகத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அதைக் கிடத்தினார்கள். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தை வைத்து அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் நுட்பமாக அளந்த கருவி அது. ஆனால் அதைத் தெற்கே அவ்வளவு தூரம் திருப்ப முடியாது, நிலாவும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே இந்த வேலை ஆஸ்திரேலியாவுக்கும் பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

இனிப் படத்தின் கூர்மைக்கு வருவோம். எந்தத் தொலைநோக்கிக்கும் ஒரு குறைந்தபட்சப் புள்ளி அளவு உண்டு. அதைவிடச் சிறிய எதுவும் அந்தப் புள்ளியின் அளவுக்கு ஊதித்தான் தெரியும். இதைக் கற்றை என்பார்கள். அலைநீளம் கூடினால் கற்றை பருக்கும், டிஷ் பெரிதானால் கற்றை மெலியும். 1961-இல் திறந்த ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் டிஷ் 64 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிதாக இருந்தும், 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அதன் கற்றை ஏறத்தாழ 14 வில்நிமிடம், கிட்டத்தட்ட நிலாவின் விட்டத்தில் பாதி. சிறிய மேகத்தின் தூரத்தில் அது 800 ஒளியாண்டுக்கும் மேல். ஒரு விண்மீன் குழு, அதைச் சுற்றிய வாயு, பக்கத்து எச்சம் ஒன்றிரண்டு எல்லாம் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்.

இதற்கு மாற்று, ஒரே பெரிய டிஷ்ஷுக்குப் பதில் பல சிறிய டிஷ்களைத் தள்ளித்தள்ளி நிறுத்தி, அவை வாங்கும் அலைகளைக் கணினியில் சேர்ப்பது. அப்போது டிஷ்ஷின் அகலம் கணக்கில்லை, டிஷ்களுக்கு இடையே உள்ள தூரம்தான் கணக்கு. ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் 22 மீட்டர் டிஷ்கள் ஆறு, 6 கிலோமீட்டர் வரை பரவி நிற்கின்றன. ஏடிசிஏ என்பது அதன் சுருக்கப் பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் 12 மீட்டர் டிஷ்கள் 36 கொண்ட ஆஸ்காப் இருக்கிறது. ஒரே நேரத்தில் 30 சதுர பாகை வானத்தைப் பார்ப்பது அதன் சிறப்பு. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தில் 2018-இல் தொடங்கிவைத்த மீர்காட்டில் 13.5 மீட்டர் டிஷ்கள் 64, சுமார் 8 கிலோமீட்டர் வரை. பாலைவனத்துக்கு ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸில் செல்போன் கோபுரங்கள் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் 2 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் துளி அலையைப் பிடிக்க முடியாது.

எண்ணிக்கை எப்படி ஏறியது என்று பாருங்கள். 1990-களில் பார்க்ஸ் டிஷ்ஷை வைத்துச் செய்த பட்டியல்களில் சிறிய மேகத்தின் பக்கம் சில நூறு மூலங்கள். 2019-இல் ஆஸ்காப் பட்டியலில் 960 மெகாஹெர்ட்ஸில் 4,489, 1,320 மெகாஹெர்ட்ஸில் 5,954. 2024-இல் மீர்காட் பட்டியல் வந்தபோது 1,08,330 புள்ளி மூலங்கள். மீர்காட் பார்த்த பரப்பு ஏறத்தாழ 7 பாகைக்கு 7 பாகை, கற்றை 8 வில்விநாடி. (ஒரு பாகையில் 3,600 வில்விநாடி.) சிறிய மேகத்தின் தூரத்தில் 8 வில்விநாடி என்பது சுமார் 8 ஒளியாண்டு. 800-இலிருந்து 8-க்கு வந்திருக்கிறோம்.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால், பட்டியல் போடுகிறவர்களின் இரண்டு பயங்கள் புரியும்.

முதல் பயம், இல்லாததை இருப்பதாகச் சேர்த்துவிடுவது. எந்த ரேடியோ படத்திலும் இரைச்சல் உண்டு, அதாவது எதுவுமே இல்லாத இடத்திலும் அளவு கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் சராசரி அளவை சிக்மா என்று குறிப்போம். ஒரு புள்ளி சிக்மாவைப் போல் மூன்று மடங்கு உயரமாக இருந்தால் அது உண்மையான மூலமா? பள்ளிக்கூடப் புள்ளியியலின்படி, இரைச்சல் மட்டுமே மூன்று சிக்மாவைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 740-க்கு ஒன்று. நல்ல பாதுகாப்பு மாதிரித்தான் தோன்றும். ஆனால் மீர்காட் படத்தில் 8 வில்விநாடிக் கற்றைகளை அடுக்கினால் 85 லட்சத்துக்கு மேல் கொள்ளும். அவ்வளவு இடத்தில் 740-க்கு ஒன்று என்றால், இரைச்சல் மட்டுமே 11,000-க்கு மேற்பட்ட போலி மூலங்களை உண்டாக்கிவிடும். வரம்பை ஐந்து சிக்மாவுக்கு உயர்த்தினால் வாய்ப்பு 35 லட்சத்துக்கு ஒன்றாகக் குறையும், மொத்தப் படத்திலும் போலிகள் இரண்டு மூன்றுதான். இந்தத் துறையில் எந்தப் பட்டியலை எடுத்தாலும் ‘ஐந்து சிக்மா’ என்ற வார்த்தை வருவது இதனால்தான். அது வெறும் சடங்கு இல்லை. படம் பெரிதாகப் பெரிதாக வரம்பும் உயர்ந்தாக வேண்டும்.

நடைமுறையில் இரைச்சல் படம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. என்66 போன்ற பிரகாசமான இடத்தைச் சுற்றி, டிஷ்களைச் சேர்க்கும் கணக்கின் குறையால் வளையமும் கீற்றுமாகப் போலி வெளிச்சம் விழும். அங்கே ஐந்து சிக்மாவும் போதாது. ஆகவே சிக்மாவையே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக அளந்துகொண்டு, அப்புறம்தான் மென்பொருள் தேட ஆரம்பிக்கும். அதன் பிறகும் பிரகாசமான இடங்களைச் சுற்றி மனிதக் கண்ணால் ஒருமுறை பார்த்துக் களையெடுப்பார்கள். லட்சம் மூலங்கள் வந்தபின் எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பது நடக்காத காரியம்.

இரண்டாவது பயம், இரண்டு மூன்று மூலங்கள் ஒரே கற்றைக்குள் கலந்து ஒன்றாகத் தெரிவது. இதில் ரேடியோ வானியல் ஒருமுறை பலமாகச் சூடுபட்டிருக்கிறது. 1955-இல் கேம்பிரிட்ஜ் குழு 1,936 மூலங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் பெர்னார்ட் மில்ஸ் குழு அதே வானத்தின் ஒரு பகுதியைக் கூர்மையான கற்றையால் பார்த்தபோது, இரண்டு பட்டியலும் பெரும்பாலும் ஒத்துப்போகவே இல்லை. கேம்பிரிட்ஜ் பட்டியலின் மங்கலான மூலங்களில் பல, ஒரே கற்றைக்குள் விழுந்த மங்கல் மூலங்களின் கூட்டுத்தொகைகளாக இருந்தன. அந்தப் பட்டியலை நம்பிப் பிரபஞ்சத்தின் வரலாற்றையே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் சண்டை பெரிதாகவே நடந்தது. பிறகு கேம்பிரிட்ஜ் குழுவே 1959-இல் மூன்றாவது பட்டியலைச் சரியாகச் செய்து வெளியிட்டது. 3சி என்று தொடங்கும் குவாசார் பெயர்கள் இன்றும் அதிலிருந்து வருபவை.

அந்த அனுபவத்தில் கிடைத்த கைக்கணக்கு: ஒரு மூலத்துக்குக் குறைந்தது இருபது முப்பது கற்றை இடமாவது இருக்க வேண்டும். 14 வில்நிமிடக் கற்றையால் சிறிய மேகத்தின் 49 சதுர பாகையை நிரப்பினால் சுமார் 800 கற்றைகள்தான். அப்படியானால் நம்பிப் பட்டியலிடக்கூடியவை முப்பது நாற்பது. பார்க்ஸ் காலத்தவர்கள் உயர் அதிர்வெண்ணுக்குப் போய்க் கற்றையை மெலியவைத்துத்தான் சில நூறு வரை எட்டினார்கள். மீர்காட்டில் ஒரு மூலத்துக்கு 80 கற்றை இடம் இருக்கிறது. தாராளம்.

ஆக, மீர்காட் பட்டியலில் இருப்பவை நிஜமான மூலங்கள்தான். ஆனால் அவை யாருடையவை?

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் இரவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எளிதாகப் புரியும். கடலில் வரிசையாக விளக்குகள். கரைக்குப் பக்கத்தில் வள்ளம், அதற்கு அப்பால் விசைப்படகு, இன்னும் அப்பால் கொழும்புப் பக்கம் போகும் சரக்குக் கப்பல். வள்ளத்தின் சிறு விளக்கும் கப்பலின் பெரிய விளக்கும் கண்ணுக்கு ஒரே பிரகாசத்தில் இருக்கலாம். குளச்சல் விசைப்படகுகளை மட்டும் எண்ணிச் சொல் என்றால், விளக்குகளின் மொத்த எண்ணிக்கை உதவாது.

சிறிய மேகத்தின் பக்கத்திலும் அதே கதைதான். 1,08,330 மூலங்களை 49 சதுர பாகைக்குப் பங்கிட்டால், நிலா மறைக்கும் அளவுள்ள துண்டில் மட்டும் நானூறுக்கு மேல். கேலக்ஸி எதுவும் அருகில் இல்லாத வெற்று வானத்தை இதே நுட்பத்தோடு பார்த்தாலும் மூலங்கள் நெருக்கமாகத்தான் கிடக்கும். பட்டியலில் பெரும்பகுதி பின்னணிக் கேலக்ஸிகள். சிறிய மேகத்தில் இதுவரை உறுதியான சூப்பர்நோவா எச்சங்கள் இருபதை ஒட்டித்தான். லட்சத்தில் இருபது! முன்னால் நிற்பவையும் உண்டு. 47 துக்கானே என்ற விண்மீன் கொத்து அதே வானத்தில் இருக்கிறது, ஆனால் அது நம் பால்வெளியைச் சேர்ந்தது, தூரம் சுமார் 15,000 ஒளியாண்டு. அதற்குள் பல்சார்கள் மட்டும் இருபதுக்கு மேல். பட்டியல் போடுபவர் கவனிக்காவிட்டால் அவையும் சிறிய மேகத்தின் கணக்கில் ஏறிவிடும்.

எப்படிப் பிரிப்பது? முதல் ஆயுதம் அதிர்வெண். ஒரு மூலத்தை இரண்டு அதிர்வெண்களில் அளந்தால், பிரகாசம் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று தெரியும். இதை நிறமாலைச் சாய்வு என்பார்கள், ஆல்ஃபா என்று எழுதுவார்கள். ரேடியோவில் பிரகாசத்தின் அலகு ஜான்ஸ்கி. 1930-களின் தொடக்கத்தில் விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையை முதலில் கண்டறிந்த கார்ல் ஜான்ஸ்கியின் பெயர். இந்தப் பட்டியல்களில் புழங்குவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிஜான்ஸ்கியும் அதற்கும் கீழும்தான்.

1 கிகாஹெர்ட்ஸில் 100 மில்லிஜான்ஸ்கி உள்ள மூன்று மூலங்களை எடுத்துக்கொள்வோம். 4 கிகாஹெர்ட்ஸுக்குப் போகும்போது, முதலாவது 87-க்கு இறங்குகிறது. இரண்டாவது 50-க்கு. மூன்றாவது 38-க்கு. முதலாவதின் ஆல்ஃபா மைனஸ் 0.1. சூடான அயனி வாயு இப்படித்தான் நடந்துகொள்ளும், ஆகவே அது என்66 போன்ற மேகமாக இருக்கலாம். இரண்டாவது மைனஸ் 0.5, சூப்பர்நோவா எச்சத்தின் வழக்கமான அளவு. மூன்றாவது மைனஸ் 0.7, பின்னணிக் கேலக்ஸிகளின் வழக்கம். காரணமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சூடான வாயுவில் எலக்ட்ரான்கள் புரோட்டான்களின் அருகே வளைந்து செல்லும்போது வரும் அலை எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்களில் ஆற்றல் குறைந்தவை அதிகம், கூடியவை குறைவு. ஆகவே அவற்றின் அலை உயர் அதிர்வெண்ணில் மெலிந்துவிடும்.

இந்த ஆயுதம் சுத்தமாக வெட்டாது. மைனஸ் 0.5-க்கும் 0.7-க்கும் இடைவெளி குறைவு, ஒவ்வொரு வகையும் தன் சராசரியைச் சுற்றி நன்றாகப் பரவியும் இருக்கும். பல்சாரின் காற்றால் ஒளிரும் நெபுலாக்களின் சாய்வு சூடான வாயுவின் சாய்வைப் போலவே தட்டையாக இருக்கும். இன்னொரு பொறி, இரண்டு அதிர்வெண்களிலும் கற்றை வெவ்வேறு அளவாக இருப்பது. குறைந்த அதிர்வெண்ணின் பருத்த கற்றை பக்கத்து வெளிச்சத்தையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும், சாய்வு பொய்யாகச் செங்குத்தாகிவிடும். கூர்மையான படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, இரண்டு கற்றையையும் சமப்படுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். கஷ்டப்பட்டு வாங்கிய கூர்மையைத் தாமே தியாகம் செய்யும் வேலை, ஆனால் வேறு வழியில்லை.

அதனால் ரேடியோவை விட்டு வெளியேயும் சாட்சி தேடுகிறார்கள். அதே இடத்தில் எக்ஸ்-கதிரில் ஒரு வளையம் தெரிந்தால் சூப்பர்நோவா எச்சத்துக்கு வலுவான சாட்சி. 1இ 0102.2−7219 என்ற புகழ்பெற்ற எச்சம் எக்ஸ்-கதிரில்தான் முதலில் அகப்பட்டது. ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பும் பலமாக இருந்தால் விண்மீன் பிறக்கும் மேகம். கந்தகத்தின் ஒளி ஹைட்ரஜன் ஒளியோடு பார்க்கும்போது அசாதாரணமாக ஓங்கியிருந்தால் அதிர்ச்சி அலை ஓடிய இடம், எச்சமாக இருக்கலாம். ரேடியோ அலை ஒரு திசையில் அதிர்ந்து வந்தால் அது காந்தப்புலத்து எலக்ட்ரான்களின் கைவேலை, சூடான வாயு இல்லை.

எனக்குப் பிடித்த சாட்சி வேறொன்று. சிறிய மேகத்தில் குளிர்ந்த ஹைட்ரஜன் நிறைய உண்டு, அது 21 சென்டிமீட்டர் அலையை உறிஞ்சும். ஒரு மூலத்தின் அலையில் சிறிய மேகத்தின் வேகத்துக்குரிய இடத்தில் உறிஞ்சல் பள்ளம் இருந்தால், அந்த அலை ஹைட்ரஜனைக் கடந்து வந்திருக்கிறது. மூலம் அந்த வாயுவுக்கு முன்னால் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். பள்ளம் இல்லாவிட்டால் முடிவு சொல்ல முடியாது, வழியில் குளிர்ந்த வாயு இல்லாமலும் போயிருக்கலாம். பிரகாசமான மூலங்களுக்கு மட்டும்தான் இந்த வசதி.

எண்ணிக்கையிலும் ஒரு வில்லங்கம். தொலைதூரக் கேலக்ஸிகள் சில, நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து இரண்டு பக்கமும் தாரைகளைப் பீய்ச்சி, இரண்டு பெரிய ரேடியோ மடல்களை வைத்திருக்கும். மென்பொருளுக்கு அவை இரண்டு தனி மூலங்கள், சில நேரம் நடுவோடு சேர்த்து மூன்று. மறுபக்கம், சிறிய மேகத்திலேயே உள்ள பெரிய எச்சத்தின் கூடு உடைந்து நாலைந்து துண்டுகளாகத் தெரியலாம். தள்ளித்தள்ளி நிற்கும் டிஷ்கள் அகலமான, மெல்லிய வெளிச்சத்தைத் தவறவிடும் குணம் உள்ளவை என்பதால் இந்த உடைசல் இன்னும் மோசமாகும். அதற்காகவே பார்க்ஸ் போன்ற ஒற்றைப் பெரிய டிஷ்ஷின் படத்தை ஏடிசிஏ படத்தோடு சேர்ப்பார்கள். பழைய டிஷ் இன்னும் ஓய்வு பெறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ‘மூலம்’ என்ற வரிசை எண்ணை ஒரு வான்பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டியல்களின் முன்னுரைகளில் இதை எழுதியிருப்பார்கள், மேற்கோள் காட்டுபவர்கள்தான் படிப்பதில்லை.

முடிவில் பட்டியலின் ஒரு வரி எப்படி இருக்கும்? முதலில் பெயர், அது பெரும்பாலும் முகவரிதான். ஜே என்ற எழுத்து, பிறகு வானத்தின் தீர்க்கரேகை போன்ற எண், பிறகு அட்சரேகை போன்ற எண். மேலே சொன்ன 1இ 0102.2−7219 பெயரிலுள்ள எண்கள் 1950-ஆம் ஆண்டுக் கட்டத்தின்படி உள்ளவை. 2000-ஆம் ஆண்டுக் கட்டத்தில் அதே பொருளின் முகவரி 0104 என்று தொடங்கும். பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கணக்கில் எடுக்கும் பூமி அச்சின் மெதுவான சுழற்சியே காரணம். பெயருக்குப் பிறகு துல்லியமான இடம், அதன் பிழை, உச்சப் பிரகாசம், மொத்தப் பிரகாசம், அவற்றின் பிழைகள், வடிவம், அந்த இடத்தின் இரைச்சல். உச்சமும் மொத்தமும் சமமாக இருந்தால் அது புள்ளி, மொத்தம் அதிகமாக இருந்தால் பரந்த பொருள். வகை என்ன என்ற கட்டம் பெரும்பாலான வரிகளில் காலியாகவே இருக்கும். முடிவு சொல்ல ஆதாரம் இல்லாத இடத்தில் வகையை எழுதாமல் விடுவதுதான் நல்ல பட்டியலின் லட்சணம் என்பது என் கட்சி.

இந்தப் பட்டியல்களைப் பார்க்கப் பெரிய பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டியதில்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையத்தின் விசியர் தளத்தில் வானியல் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் அட்டவணைகளைத் திறந்து ஒப்பிடலாம். அதே மையத்தின் அலாதின் மென்பொருளில் வானப் படத்தின் மேல் மூலங்களைப் பதித்துப் பார்க்கலாம். நாகர்கோவிலில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு செமஸ்டர் புராஜெக்டாகவே இது போதும்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஆஸ்காப்பின் 960, 1,320 மெகாஹெர்ட்ஸ் பட்டியல்களை இணைத்து ஆல்ஃபா கணக்கிடத்தான் முதலில் கை போகும், அவை இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதால். இரண்டு அதிர்வெண்களும் மிக நெருக்கமானவை. ஒவ்வொரு அளவிலும் பத்து சதவீதப் பிழை இருந்தால் ஆல்ஃபாவில் 0.44 பிழை வரும், சூடான வாயுவையும் பின்னணிக் கேலக்ஸியையும் பிரிக்க அது உதவாது. 1,320-ஐயும் ஏடிசிஏவின் 4,800 மெகாஹெர்ட்ஸ் அளவுகளையும் ஜோடி சேருங்கள், அதே பத்து சதவீதப் பிழைக்கு ஆல்ஃபாவின் பிழை 0.11-ஆகக் குறையும். முதலில் என்66-ஐ எடுத்து, மைனஸ் 0.1-ஐ ஒட்டி வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் கற்றைகளைச் சமப்படுத்தினீர்களா என்று பாருங்கள். வந்தால் அடுத்த வரிக்குப் போகலாம்.